தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது எப்படி? நிறுவனங்களுக்கான வழிகாட்டி

சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ ஜப்பானிலோ ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறவர்கள், இல்லையென்றால் அப்படி ஒரு நிறுவனத்தின் எச்.ஆர். வேலையைப் பார்க்கிறவர்கள், என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஊர்ல நல்ல பசங்க இருக்காங்கன்னு தெரியும், எப்படிப் பிடிக்கிறது?" பிடிப்பதில் கஷ்டமே இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டும் நானூறுக்கு மேல் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, லிங்க்ட்இன்னில் "சிங்கப்பூர், ஃபிரெஷர்" என்று ஒரு வரி போட்டால் சாயங்காலத்துக்குள் இன்பாக்ஸ் நிரம்பிவிடும். ஆனால் ஆஃபர் லெட்டர் கொடுத்த நாளுக்கும் அந்தப் பையனோ பெண்ணோ உங்கள் ஆபீசில் வந்து உட்காருகிற நாளுக்கும் நடுவே ஆறு மாதம் ஓடும், சில சமயம் பத்து மாதம்கூட. காரியம் கெடுவது அந்த இடைவெளியில்தான். அதனால் கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அந்த மாதங்களைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் விசா, அப்புறம்தான் விளம்பரம்

பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆளைத் தேர்ந்தெடுத்து, ஆஃபர் கொடுத்து, அவன் வீட்டில் ஸ்வீட் வாங்கிக் கொண்டாடிய பிறகு விசாவுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கிறார்கள். நீங்கள் கொடுக்க நினைக்கும் சம்பளத்துக்கு அந்த நாட்டில் விசா கிடைக்குமா என்பதைக் கல்லூரிக்குப் போன் போடும் முன்பே உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். பட்டதாரிகளுக்கான வேலை விசாவான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஜனவரியிலிருந்து 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிதித்துறைக்கு 6,200. வயது ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும், 23 வயதுக்காரருக்கு அடிமட்டத் தொகை போதும். அதோடு முடியவில்லை, 2023 செப்டம்பரிலிருந்து காம்பாஸ் என்ற புள்ளி முறை இருக்கிறது, 40 புள்ளி எடுக்க வேண்டும். இதில் சின்ன நிறுவனங்களுக்கு ஒரு சலுகை உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை: உங்களிடம் அலுவலக, தொழில்நுட்பப் பணியாளர்கள் 25 பேருக்குக் குறைவாக இருந்தால், ஊழியர்களின் நாட்டுப் பன்மைக்கு 10, உள்ளூர்க்காரர்களின் பங்குக்கு 10 என்று 20 புள்ளி தானாகவே வந்துவிடும். ஏற்கப்பட்ட பட்டத்துக்கு 10. மீதி 10 புள்ளியைச் சம்பளம்தான் கொண்டுவர வேண்டும், அதாவது உங்கள் துறையில் அந்த வயதுக்கான உள்ளூர்ச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் நீங்கள் தருவது கொஞ்சம் மேல்வரிசையில் இருக்க வேண்டும். அதனால் 5,600 என்பது பல துறைகளில் காகிதத்தில் மட்டும் போதும், நடைமுறையில் போதாது. மனிதவள அமைச்சின் இணையதளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இலவசமாகவே இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு 22 வயதுப் பட்டதாரியைக் கற்பனை செய்து, கல்லூரி, சம்பளம் எல்லாம் போட்டுப் பாருங்கள், பதில் அப்போதே தெரிந்துவிடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் என்றால் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற சிங்கப்பூர் அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாள் விளம்பரம் போட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சம்பளம் கட்டுப்படியாகாது என்றால் அதற்கு ஒரு படி கீழே உள்ள வேலை அனுமதியான எஸ் பாஸ் இருக்கிறது. 2025 செப்டம்பரிலிருந்து அதற்கு 3,300 வெள்ளி குறைந்தபட்சம், ஆனால் நிறுவனம் அரசுக்குக் கட்டும் மாதம் 650 வெள்ளி தீர்வையும் ஆள் எண்ணிக்கைக் கோட்டாவும் உண்டு.

ஜெர்மனியில் பெரும்பாலும் புளூ கார்டு என்ற பட்டதாரி வேலை அனுமதிதான் வழி. 2026-க்கான பொது வரம்பு ஆண்டுக்கு 50,700 யூரோ, ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கும் பட்டம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கும் 45,934 யூரோ. நீங்கள் எடுக்கப்போவது புதுப் பட்டதாரி என்பதால் இரண்டாவது வரம்பு போதும். அங்கே சிக்கல் சம்பளத்தில் இல்லை, பட்டத்தில். அனபின் என்ற தரவுத்தளத்தில் அந்தப் பல்கலைக்கழகம் எச் பிளஸ் தரத்தில், அதாவது அங்கீகரிக்கப்பட்டதாக, இருக்கிறதா, அந்தப் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு இணையாகப் பதிவாகியிருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் இருக்கும், பட்டம் இருக்காது. அப்படியானால் தனியாக ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். வேலை தருபவரே தன் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விரைவு நடைமுறையைத் தொடங்கலாம். இந்தக் காசைச் செலவு செய்யத் தயங்குகிறவர்கள்தான் பிறகு தூதரக அப்பாயின்ட்மென்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

ஜப்பானில் சம்பள வரம்பைவிட நாட்காட்டிதான் தொந்தரவு. அங்கே புதியவர்கள் எல்லாரும் ஏப்ரல் 1 அன்று சேருவது வழக்கம், நம் மாணவர்களுக்கோ எட்டாவது செமஸ்டர் முடிவதே மே மாதத்தில். பட்டம் இல்லாமல் பொறியாளர் விசாவுக்கான தகுதிச் சான்று வராது. ஆக, முடித்த அதே வருடம் அக்டோபரில் சேர்க்க முடியுமா என்று உங்கள் தலைமை அலுவலகத்தைக் கேளுங்கள். முடியாது என்றால் அடுத்த ஏப்ரல்தான், அதுவரை பத்துப் பதினோரு மாதம் அவன் என்ன செய்வான் என்ற பொறுப்பு உங்களுடையது. ஜப்பானிய மொழிப் பயிற்சிக்கு அந்த மாதங்களைப் பயன்படுத்தலாம். மொழித் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், சென்னையிலேயே எழுதலாம். பயிற்சிக் கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள், உதவித்தொகையும் கொடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் உள்ளூர் ஐ.டி. கம்பெனி ஒன்று அழைத்துக்கொண்டு போய்விடும்.

அமெரிக்காவைப் பற்றி நீளமாக எழுதவில்லை. எச்1பி வேலை விசாவுக்கான குலுக்கலை நம்பி ஒரு கல்லூரி மாணவனுக்கு ஆஃபர் கொடுப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்டர்ன்ஷிப் தனிக் கணக்கு

வேலைக்கு எடுக்கும் முன் ஆளைப் பார்த்துக்கொள்ள இன்டர்ன்ஷிப்பைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இதற்கும் விசா வேறு, காலம் வேறு. பொறியியல் மாணவர்களுக்கு உண்மையில் இரண்டு ஜன்னல்கள்தான் திறக்கும்: ஆறாவது செமஸ்டர் முடிந்து வரும் மே, ஜூன் விடுமுறை, அப்புறம் கடைசி செமஸ்டர். கடைசி செமஸ்டரில் புராஜெக்டுக்குப் பதிலாக நிறுவனத்தில் முழுநேரப் பயிற்சி எடுக்கப் பல தன்னாட்சிக் கல்லூரிகள் அனுமதிக்கின்றன, துறைத்தலைவரின் கடிதம் வேண்டும். மே மாதம் ஆள் வேண்டுமானால் முந்தைய ஆகஸ்டிலேயே பேச்சைத் தொடங்குங்கள். ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி போன்ற இடங்களில் அடுத்த கோடைக்கான இன்டர்ன் தேர்வு அந்தச் சமயத்திலேயே ஆரம்பித்துவிடும்.

சிங்கப்பூரில் டிரெய்னிங் எம்ப்ளாய்மென்ட் பாஸ் மூன்று மாதம்தான், நீட்டிக்க முடியாது. பயிற்சி படிப்பின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும், அதோடு அமைச்சு ஏற்கும் கல்லூரியாக இருக்க வேண்டும் அல்லது மாதம் 3,000 வெள்ளியாவது கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் படிப்போடு தொடர்புடைய பயிற்சிக்கு ஆறு மாதம் வரை அனுமதி உண்டு, என்ன கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள் என்ற திட்டம் எழுத்தில் வேண்டும். ஜப்பானில் கல்லூரிக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் போட்டால்தான் சம்பளத்தோடு கூடிய இன்டர்ன்ஷிப் நடக்கும். மூன்றிலும் பொதுவான விஷயம், கல்லூரியின் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. மாணவனோடு மட்டும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தால் வேலைக்காகாது.

சிலர் "டூரிஸ்ட் விசாவில் வரட்டும், ரெண்டு மாசம்தானே" என்பார்கள். கூடவே கூடாது. சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், தமிழ்நாட்டில் அந்த வார்த்தை இப்போது எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2022-இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய் மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைத்து, ஆன்லைன் மோசடி வேலை செய்யவைத்தார்கள். மாட்டியவர்களில் நம் ஊர்ப் பையன்கள் நிறையப் பேர். கம்போடியா, லாவோஸ் என்று அந்தக் கதை இன்னும் தொடர்கிறது. "விசிட் விசாவில் வா, வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று நீங்கள் நல்லெண்ணத்தில் சொன்னாலும் அந்தத் தகப்பனார் உங்களை அந்தக் கூட்டத்தோடுதான் சேர்ப்பார், சேர்க்கவும் வேண்டும்.

கல்லூரிக்குள் நுழைவது

பிளேஸ்மென்ட் ஆபீசர்தான் வாசல். அண்ணா பல்கலைக்கழகத்தின் நான்கு வளாகங்களுக்கும் சேர்த்துத் தொழில்துறைக் கூட்டு மையம் ஒன்று இதைப் பார்க்கிறது, மற்ற கல்லூரிகளில் தனித்தனி ஆபீசர்கள். ஐந்து பேர் மட்டும் வேண்டிய நிறுவனத்துக்கு இருபது கல்லூரி தேவையில்லை. இரண்டோ மூன்றோ எடுங்கள், வருடா வருடம் அங்கேயே போங்கள். பெரிய பெயர் உள்ள கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. ஐஐடியில் டிசம்பர் 1 அன்று தொடங்கும் முதல் கட்டத்தில் உங்கள் சின்ன கம்பெனி பெரிய கம்பெனிகளோடு மோத வேண்டியிருக்கும், கோயம்புத்தூரிலோ மதுரையிலோ நல்ல தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் உங்களுக்குத்தான் முதல் நாள் கிடைக்கும்.

முதல் மெயிலில் பெருமை வேண்டாம். "உலகத்தரம் வாய்ந்த முன்னணி நிறுவனம், அற்புதமான வாய்ப்பு" என்று ஆரம்பிக்கும் மெயில்கள் தினமும் வருகின்றன, அதில் பாதி மோசடி. ஆபீசர் முதலில் பார்ப்பது இது உண்மையான கம்பெனியா என்பதைத்தான். நிறுவனப் பதிவு எண், பதிவேட்டில் தேடிப் பார்க்கும் வழி, நிறுவன முகவரியிலிருந்து அனுப்பிய மெயில், முன்பே அங்கே வேலை பார்க்கும் ஒரு இந்தியரின் லிங்க்ட்இன் பக்கம், இவ்வளவும் முதல் மெயிலிலேயே இருந்தால் மறுநாள் போன் வரும். வேலை விவரத்தை இப்படி எழுதினால் போதும்:

"சிங்கப்பூர் அலுவலகம், 14 பேர். பேக்எண்ட் டெவலப்பர் 2 பேர் தேவை. மாதம் இவ்வளவு வெள்ளி, நிலையான சம்பளம், பி.எஃப். மாதிரி பிடித்தம் இல்லை, வருமான வரி நீங்கள் கட்ட வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பச் செலவு, ஒரு வழி விமான டிக்கெட், முதல் மாதத் தங்குமிடம் நாங்கள். பாண்டு கிடையாது. மாணவர் யாருக்கும் எந்தக் கட்டணமும் கட்டத் தேவையில்லை. பாஸ் நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வோம் என்பது கீழே."

சம்பளத்தை லட்சத்தில் மாற்றி எழுதாதீர்கள். வருடத்துக்கு 67,200 வெள்ளியை ரூபாயாக்கினால் நாற்பது லட்சத்தைத் தாண்டும், கல்லூரி வாசலில் பேனர் அடித்துவிடுவார்கள், பையனும் வருடம் முப்பது லட்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுவான். அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து போக மாதம் எவ்வளவு கையில் நிற்கும் என்று ஒரு சின்ன பட்டியல் கொடுங்கள். ஜெர்மனி என்றால் இன்னும் அவசியம், 45,934 யூரோ சம்பளத்தில் தனி ஆளுக்கு வரி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் போய் மாதம் சுமார் 2,500 யூரோதான் கைக்கு வரும். இது வந்து சேர்ந்த பிறகு தெரிந்தால் முதல் சம்பளத்தன்றே மனசு விட்டுப்போகும்.

தேதிகளில் கவனம் வேண்டும். ஏழாவது செமஸ்டர் தொடங்கும் ஜூலை, ஆகஸ்டில்தான் ஆள் எடுப்பு சூடு பிடிக்கும். நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மேயிலும் செமஸ்டர் தேர்வு, அப்போது யாரையும் கூப்பிடாதீர்கள். இன்னொன்று, பெரும்பாலான கல்லூரிகளில் ஒரு மாணவருக்கு ஒரு ஆஃபர் என்ற விதி உண்டு. ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்த கம்பெனி இன்டர்வியூவில் உட்கார முடியாது, சில இடங்களில் சம்பளம் இவ்வளவு மடங்கு கூட இருந்தால் மட்டும் விதிவிலக்கு. இந்த விதியைப் பற்றிக் கீழே திரும்பப் பேச வேண்டியிருக்கிறது.

ஏஜென்சி வழியாகப் போகிறீர்களா? இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் 1983-இன் படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்துத் தருபவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். வேலை தேடுபவரிடம் அவர்கள் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும். என் கருத்தைக் கேட்டால், மாணவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி, ஏஜென்சியின் முழுக் கட்டணத்தையும் நீங்களே கட்டுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி அவர்கள் இரண்டு லட்சம் வாங்கியிருந்தால் அந்த வட்டிக் கடன் உங்கள் ஆபீசுக்குத்தான் பையனோடு சேர்ந்து வரும். தமிழ்நாடு அரசுக்கே 1978-இலிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அவர்களையும் அணுகலாம். ஏஜென்சி இல்லாமல் நேரடியாக எடுப்பவர்கள் தங்கள் நாட்டுக்கும் வேலைக்கும் என்ன அனுமதி வேண்டும் என்று சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

இன்டர்வியூவில் எதைப் பார்ப்பது

ஆங்கிலத்தைப் பார்த்து ஆளை எடைபோடாதீர்கள், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னைப் பள்ளியில் படித்தவன் சரளமாகப் பேசுவான், திருநெல்வேலிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவள் தடுமாறுவாள். கம்ப்யூட்டர் கோடு எழுதச் சொன்னால் நிலைமை மாறலாம். பேனலில் தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், "தமிழ்லயே சொல்லும்மா" என்று ஐந்து நிமிடம் பேசவிட்டுப் பாருங்கள். விஷயம் தெரிந்திருக்கிறதா இல்லையா என்பது அப்போது தெளிவாகிவிடும், ஆங்கிலம் ஆறு மாதத்தில் சரியாகிவிடும்.

கடைசி வருட புராஜெக்டைப் பற்றிக் கேட்கும்போது உஷாராக இருங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்வது அது, அதிலும் சென்னையில் ஆரம்பித்து எல்லா ஊரிலும் புராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன, காசு கொடுத்தால் கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் பைண்டு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். "புராஜெக்டை விளக்கு" என்றால் மனப்பாடமாக ஒப்பிப்பான். "ஸ்கிரீனை ஷேர் பண்ணு, இதில் நீ எழுதின ஃபைல் எது, திற" என்று சொல்லுங்கள். திறந்ததும் அதில் ஒரு சின்ன மாற்றம் கேளுங்கள், உதாரணமாகத் தேதியை வேறு வடிவத்தில் காட்டச் சொல்லுங்கள். எழுதினவனுக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும். எழுதாதவன் ஃபைலையே தேடிக்கொண்டிருப்பான். இப்போது ஏஐ வைத்து ஆன்லைன் தேர்வை முழுசாக முடித்துவிடுகிறார்கள் என்பதால், பெரிய தேர்வு வைப்பதைவிட இந்த இருபது நிமிடம் பயனுள்ளது.

அரியர் இருக்கிறதா என்று கேளுங்கள், ஆனால் பழைய அரியருக்காக ஒதுக்காதீர்கள். இரண்டாம் வருடம் கணக்கில் ஒரு அரியர் வைத்து அப்புறம் எழுதித் தேறியவன் ஒன்றும் மோசமானவன் இல்லை. தீராத அரியர்தான் பிரச்சினை. அது இருந்தால் பட்டம் வராது, பட்டம் இல்லாமல் விசா இல்லை.

பாஸ்போர்ட் இருக்கிறதா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். பாதிப் பேரிடம் இருக்காது.

வீட்டோடு பேசுங்கள்

வெளிநாட்டு மேனேஜர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும், 22 வயது ஆள், அவரே முடிவெடுக்க மாட்டாரா என்று. எடுப்பார், ஆனால் வீட்டில் பேசித்தான் எடுப்பார். ஆஃபரை ஏற்றுக்கொண்டு ஒரு வாரம் கழித்து "சாரி சார், வீட்ல வேணாம்கிறாங்க" என்று மெசேஜ் வருவது, அந்தப் பேச்சில் நீங்கள் இல்லாமல் போனதால்தான். ஆஃபர் கொடுத்த வாரமே பெற்றோரையும் வைத்து அரை மணி நேர வீடியோ கால் போடுங்கள், தமிழில்.

என்ன கேட்பார்கள் என்பதை ஏறக்குறைய நானே சொல்லிவிடுவேன். அப்பா முதலில் கம்பெனி எத்தனை வருஷமாக நடக்கிறது என்பார், அப்புறம் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வீர்களா என்பார். மாட்டோம், ஒரிஜினல் சர்டிபிகேட்டும் வாங்க மாட்டோம் என்று அழுத்திச் சொல்லுங்கள், அப்படியே நடந்தும் கொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. அம்மா பின்னாலிருந்து சாப்பாட்டைக் கேட்பார். பெண் பிள்ளை என்றால் எங்கே தங்குவாள், ராத்திரி ஷிஃப்ட் உண்டா, ஆபீசில் நம் ஊர்ப் பெண்கள் இருக்கிறார்களா. இதற்குப் பதில் சொல்ல எச்.ஆரைவிட அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒரு பெண்ணே சரியான ஆள், அவரை அந்த வீடியோ காலில் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். கடைசியில், எப்போது கிளம்ப வேண்டும் என்பார்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி மாதம். அந்தத் தேதியில் சேரச் சொன்னால் நேராக மறுக்காமல் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடுவார்கள். ஆவணி பிறந்ததும் வரச் சொல்லிவிடுங்கள், உங்களுக்கு ஒன்றும் குடிமுழுகிப்போகாது.

ஆஃபருக்கும் விமானத்துக்கும் நடுவே

மேலே சொன்ன ஒரு ஆஃபர் விதிக்கு வருகிறேன். உங்கள் ஆஃபர் விசா கிடைத்தால்தான் செல்லும். கல்லூரியோ அதையும் ஒரு ஆஃபராகக் கணக்கு வைத்து, அந்த மாணவரை மற்ற எல்லாக் கம்பெனிகளிலிருந்தும் வெளியே வைத்துவிடும். படிப்பு முடிந்த பிறகு பாஸ் நிராகரிக்கப்பட்டால் அவருக்கு உங்கள் வேலையும் இல்லை, ஆகஸ்டில் வந்துபோன உள்ளூர்க் கம்பெனியின் வேலையும் இல்லை. இதைவிடப் பெரிய அநியாயம் இந்த விஷயத்தில் எனக்குத் தெரியவில்லை. ஆகவே பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் முதல் பேச்சிலேயே, "எங்கள் ஆஃபர் விசா சார்ந்தது, இவரை உள்ளூர் இன்டர்வியூவிலும் உட்கார அனுமதியுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அப்படியே, விசா மறுக்கப்பட்டால் மூன்று மாதச் சம்பளமோ, இந்தியாவிலிருந்தே ரிமோட்டாக வேலையோ, மறு விண்ணப்பமோ, எது உங்களால் முடியுமோ அதை ஆஃபர் லெட்டரிலேயே போட்டுவிடுங்கள்.

ஆஃபரை நீங்களே திரும்பப் பெறுவது இன்னொரு ரகம். 2016-இல் ஐஐடிகள் சேர்ந்து 31 நிறுவனங்களைத் தங்கள் வளாகங்களுக்குள் வரவே கூடாது என்று தடை செய்தன, ஆஃபர் கொடுத்துவிட்டுப் பின்வாங்கியது போன்ற காரணங்களுக்காக. சின்னக் கல்லூரிகள் பட்டியல் வெளியிடாது, ஆனால் பிளேஸ்மென்ட் ஆபீசர்களுக்குள் வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன, ஒரே நாளில் கோயம்புத்தூரிலிருந்து நாகர்கோவில் வரை செய்தி போய்விடும்.

அப்புறம் பெயர் விவகாரம். வெளிநாட்டு எச்.ஆர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "கார்த்திக் எஸ்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து "கார்த்திக் செல்வம்" என்று இருக்கும், சில சமயம் குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருக்கும். டிகிரியில் "எஸ் கார்த்திக்". மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பு நிறுவனத்தின் கணினிக்கு மூன்று பேர். ஆஃபர் கொடுத்த வாரமே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பாஸ்போர்ட், செமஸ்டர் மார்க் ஷீட் மூன்றின் ஸ்கேனையும் வாங்கி அடுக்கிப் பாருங்கள். இன்னும் பாஸ்போர்ட் எடுக்காதவர் என்றால் அதிர்ஷ்டம், என்ன பெயரில் எடுக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடலாம். எடுத்துவிட்டார் என்றால், இரண்டு பெயரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள், தேர்வு முடிவு வரும் நேரத்தில் அலையக் கூடாது.

பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் கைக்கு வரும். அதுவரை தற்காலிகச் சான்றிதழும் ஒருங்கிணைந்த மார்க் ஷீட்டும்தான். உங்கள் நாட்டு விசாவுக்கு அது போதுமா என்று முன்பே கேட்டுவையுங்கள். சிங்கப்பூர் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் பட்டத்தைக் காட்டிப் புள்ளி வாங்குவதானால் சரிபார்ப்புச் சான்றும் வேண்டும், அதற்கு ஆகும் நாட்களையும் சேர்த்தே கணக்கில் வையுங்கள். ஒரே முத்திரையோடு சான்றிதழை ஏற்கும் அப்போஸ்டில் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தில் அரபு அமீரகம் இல்லை, அதனால் அங்கே போகிறவரின் சான்றிதழ் மாநில அரசு, வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் என்று ஒவ்வொரு முத்திரையாக வாங்கி வர வேண்டும்.

இந்த மாதங்களில் மாதம் ஒரு முறையாவது பேசுங்கள். செய்தி ஒன்றும் இல்லாவிட்டாலும், "விண்ணப்பம் போட்டாச்சு, இன்னும் பதில் வரல" என்று ஒரு வரி போதும். நீங்கள் பேசாத மாதத்தில் அவன் வேறு ஆஃபரைத் தேட ஆரம்பிப்பான், அவனைக் குறை சொல்ல முடியாது. சீனியர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துவிடுங்கள், எச்.ஆரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை அவரிடம் கேட்பார்கள்.

ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள்

இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று தோன்றினால், உங்கள் ஊரிலேயே படிக்கும் மாணவர்களைப் பாருங்கள். ஜெர்மனியில் வெளிநாட்டு மாணவர்களில் இப்போது இந்தியர்கள்தான் அதிகம். படிக்கும்போதே வருடம் 140 முழு நாள் வேலை பார்க்கலாம், முடித்த பிறகு வேலை தேட 18 மாதம் தங்கலாம். ஆனால் அங்கே முதுகலை படிக்க வந்தவரின் எதிர்பார்ப்பு வேறு, அவருக்கு உள்ளூர்ச் சம்பளம் தெரியும், மொழியும் கொஞ்சம் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக வருபவரைவிட வேலை சீக்கிரம் முடியும், பேரம் கொஞ்சம் கடினமாக இருக்கும்.

வந்து இறங்கிய வாரம்

ஏர்போர்ட்டுக்கு யாராவது போங்கள். டாக்ஸிக்கு மேப் அனுப்புவது போதாது. சிம் கார்டு, வங்கிக் கணக்கு, அறை வாடகை முன்பணம் மூன்றுக்கும் காசு தேவைப்படும், முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். ஐநூறு வெள்ளியோ யூரோவோ முதல் நாளே முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள், சம்பளத்தில் இரண்டு மூன்று மாதமாகக் கழித்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் வீட்டுக்குக் குடி வந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும். வீட்டை நீங்கள் பிடித்துக் கொடுத்தால் அந்தக் கடிதத்தையும் வாங்கி வையுங்கள். ஜனவரியில் வரச் சொல்லியிருந்தால் குளிர்கோட்டைச் சென்னையில் தேட வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள், தி.நகரில் விற்பதை வைத்து மியூனிக் குளிரைச் சமாளிக்க முடியாது, வந்த அன்றே கூட்டிப்போய் வாங்கிக் கொடுங்கள்.

வந்தவர் ஒரு மாதம் ஆன பிறகு, அவரை எடுத்த கல்லூரியின் பிளேஸ்மென்ட் ஆபீசருக்கு ஒரு மெயில் போடுங்கள்: சேர்ந்துவிட்டார், வேலை பார்க்கிறார், அடுத்த வருடம் எத்தனை பேர் வேண்டும், எந்த வாரம் வரலாம். ஜூலை, ஆகஸ்ட் தேதிகளுக்கு மார்ச்சிலேயே பேசி இடம் பிடித்தவர்களுக்குத்தான் முதல் வாரம் கிடைக்கும்.